வாகட் சொல்லும் வீட்டுக் கணக்கு

ஹிஞ்சவடி என்ற பெயர் தமிழ்நாட்டில் பல வீடுகளில் புழங்குகிறது. மகனோ மகளோ மருமகனோ அங்கே ஏதாவது ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பார். பக்கத்து ஊரான வாகட்டின் பெயர் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததில்லை. ஆனால் ஹிஞ்சவடியில் வேலை பார்ப்பவர்களில் பெரும் பகுதியினர் இரவில் தலைசாய்ப்பது வாகட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான். புனேயின் வடமேற்கில், முளா ஆற்றுக்கும் மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் இடையில் கிடந்த ஒரு கிராமம் அது. 1990களின் இறுதியில் ஹிஞ்சவடியில் ராஜீவ் காந்தி தொழில்நுட்பப் பூங்கா எழும்பத் தொடங்கியபோது, வாகட்டில் வீடு வாங்கியவரைப் பார்த்து உறவினர்கள் பரிதாபப்பட்டிருப்பார்கள். இன்று அதே வாகட்டில் இடம் கிடைக்காதவர்கள் தாதவடே, புனாவளே, ராவேத், மாருஞ்சி என்று அடுத்த வட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர் தெரியாத புறநகரில் வீடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரின் முப்பதாண்டு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. விற்பனை விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. ‘அங்கெல்லாம் போகாதே’ என்று தடுக்கும் பெரியவர்களும் சொல்வதில்லை.

புறநகரில் சதுர அடி விலை குறைவாக இருப்பதற்குத் தூரம்தான் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். தூரமும் ஒரு காரணம்தான். ஆனால் ஒரே தூரத்தில், ஒரே நெடுஞ்சாலையின் இரு பக்கங்களில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குள் விலை ஏன் வேறுபடுகிறது? அங்கே இன்னும் போடாத குடிநீர்க் குழாய், பாதியில் நிற்கும் சாலை, இணைக்கப்படாத பாதாளச் சாக்கடை, வராத பேருந்து, இவற்றின் மதிப்பு விலையிலிருந்து கழிக்கப்பட்டிருக்கிறது. இதைத் தள்ளுபடி என்று எண்ணுவது தவறு. சொல்லப்போனால் அது ஒரு கடன். ஊர் உங்களுக்குத் தண்ணீரும் சாலையும் தர வேண்டியிருக்கிறது, தரும்வரை விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறது. கடன் என்றால் கடனாளி ஒருவர் இருக்க வேண்டும், அவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் இருக்க வேண்டும். பெயர் தெரியாத ஊரில் வீடு பார்க்கப் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது அந்தக் கடனாளி யார் என்பதைத்தான். மாதிரி ஃப்ளாட்டின் தரை டைல்ஸை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாகட்டையும் ஹிஞ்சவடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டு ஊருக்கும் குலதெய்வம் போல இருப்பவர் ம்ஹாத்தோபா. சைத்ர மாதப் பௌர்ணமியன்று, அங்கே அனுமன் ஜயந்திக்கு, ஹிஞ்சவடியிலிருந்து புறப்படும் பகாட் என்னும் திருவிழா ஊர்வலம் வாகட்டில் உள்ள கோயிலுக்கு வந்து சேரும். அவ்வளவு நெருங்கிய ஊர்கள். ஆனால் 1997-ல் சுற்றுப்புறக் கிராமங்கள் சிலவற்றைப் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி தன்னோடு சேர்த்துக்கொண்டபோது வாகட் உள்ளே போனது, ஹிஞ்சவடி வெளியே நின்றது. உலகப் பெயர் பெற்ற தொழில்நுட்பப் பூங்கா அமைந்த ஊர் கிராமப் பஞ்சாயத்தாகவே தொடர்ந்தது. பூங்காவுக்குள் இருக்கும் சாலைகள் மகாராஷ்டிரா தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. வெளியே கட்டட அனுமதியும் திட்டமிடலும் 2015-ல் உருவான புனே பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் கையில். குப்பையும் உள்ளூர்த் தெருவும் பஞ்சாயத்தின் தலையில். 2025 மழைக்காலத்தில் அந்தப் பூங்காவின் சாலைகளில் வெள்ளம் தேங்கியபோது, வடிகால் யாருடையது என்ற கேள்விக்கு ஒரே வாயிலிருந்து பதில் வரவில்லை. தங்கள் பகுதியைப் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியோடு சேர்த்துவிடுங்கள் என்று குடியிருப்போரே கேட்கத் தொடங்கினார்கள். வரி கூடும் என்று தெரிந்தே கேட்டார்கள். வாகட்டிலும் குறைகள் ஏராளம். ஆனால் அங்கே மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதில் குழப்பம் இல்லை. பெயர் பெற்ற ஊர் ஒன்று, பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் இருந்த ஊர் இன்னொன்று. வீடு வாங்குகிறவர் விளம்பரத்தில் முதல் பெயரைத்தான் பார்க்கிறார். பக்கத்து ஊர்களான மாணிலும் மாருஞ்சியிலும் கட்டும் கட்டடத்தைக்கூட ‘ஹிஞ்சவடி’ என்று போட்டு விற்பது அதனால்தான்.

மாநகராட்சிக்குள் இருந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று சொல்லவில்லை. தண்ணீரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் வாகட்டின் கதையில் மிகவும் சிக்கலான அத்தியாயம் அதுதான். பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்குத் தண்ணீர் மாவள் வட்டத்தில் உள்ள பவனா அணையிலிருந்து வருகிறது. அணையிலிருந்து ஆற்றில் திறந்துவிட்டு, ராவேத் தடுப்பணையில் ஏற்றி, நிக்டியில் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். 2001-ல் சுமார் 10 லட்சமாக இருந்த மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-ல் 17.27 லட்சம். ஆற்றில் விடாமல் அணையிலிருந்து நேராக மூடிய குழாயில் கொண்டுவந்தால் வழியில் வீணாகும் தண்ணீர் மிஞ்சும் என்று மாநகராட்சி ஒரு திட்டம் போட்டது. ஆற்றங்கரை விவசாயிகளுக்கோ, ஆற்றில் ஓடும் அந்தத் தண்ணீர்தான் வயலுக்கு வரும் தண்ணீர். அது குழாய்க்குள் போய்விட்டால் நாளைக்குத் தங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்டார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று மும்பை–புனே அதிவிரைவுச் சாலையில் மறியல் செய்தவர்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். திட்டத்துக்குத் தடை விழுந்தது. அந்தத் தடையை அரசு நீக்கியது 2023-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் வாகட்டில் அடுக்குமாடிகள் நிற்காமல் எழும்பின. 2019 நவம்பரில் மாநகராட்சி ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விடும் முறைக்குப் போனது. இருபதாவது மாடியில் குழாயைத் திறப்பவருக்கும் பவனா கரையில் நெல் நட்டவருக்கும் இடையே உள்ள இந்த உறவு எந்த விற்பனைக் கையேட்டிலும் அச்சாகாது. ஆனால் வீட்டின் விலைக்குள் அது இருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரையில் புனே மாநகராட்சிப் பகுதியான பாணேர்–பாலேவாடி இன்னும் பெயர் பெற்றது, விலையும் அதிகம். அங்கே என்ன நடந்தது? தண்ணீர் கொடுக்க வழியில்லாமல் கட்டட அனுமதி மட்டும் கொடுத்துக்கொண்டே போவதா என்று 2016-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கேட்டு, அந்தப் பகுதியில் புதிய அனுமதிகளை நிறுத்திவைத்தது. மாநகராட்சியால் முடியும்வரை தண்ணீரை நாங்களே லாரியில் தருவோம் என்று பில்டர்கள் எழுதிக்கொடுத்த உறுதிமொழியின் பேரில்தான் பல கட்டடங்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்த உறுதிமொழிக் காகிதத்தை வீடு வாங்கியவர் பார்த்திருக்கவே மாட்டார். சாவி கைமாறி, சொசைட்டி உருவாகி, பில்டர் ஒதுங்கியபின் லாரித் தண்ணீரின் செலவு மெதுவாகக் குடியிருப்போர் தலையில் வந்து விழும்.

இந்தச் செலவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகர்ப்புறத்துக்கு நாட்டில் பின்பற்றப்படும் அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 540 லிட்டர், 200 ஃப்ளாட் உள்ள சொசைட்டிக்கு 1,08,000 லிட்டர். இதில் பாதியை மாநகராட்சி கொடுத்து, மீதியைப் பத்தாயிரம் லிட்டர் லாரியில் வாங்குவதாக வைத்துக்கொண்டால் நாளைக்கு ஐந்தரை லாரி. லாரிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் வீட்டுக்கு 800 ரூபாய்ச் சொச்சம், 2,000 என்று வைத்தால் 1,600 ரூபாய்ச் சொச்சம். இன்னொரு பக்கம், பெயர் பெற்ற பகுதிக்கும் பெயர் தெரியாத பகுதிக்கும் விலை வித்தியாசம் 15 லட்சம் என்று எடுத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு அந்த 15 லட்சத்துக்கான ஈ.எம்.ஐ. மட்டும் சுமார் 13,000 ரூபாய். அப்படியானால் லாரித் தண்ணீருக்குப் பயந்து வாகட்டைவிட்டு ஓட வேண்டியதில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நாம் கொள்ளும் அச்சம் நியாயமானது. ஆனால் வீடு வாங்கும் கணக்கில் அது ஒரு நடுத்தரச் செலவு, அதற்கு மேல் இல்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றும்போது காசு கொடுத்தாலும் லாரி வராத வாரங்கள் உண்டா என்பதை அந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். பணத்தால் தீரும் குறையா, பணத்தாலும் தீராத குறையா என்பதுதான் இங்கே கேள்வி.

பணத்தால் தீராத முதல் குறை நேரம். வாகட்டிலிருந்து ஹிஞ்சவடி வரைபடத்தில் சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க நெடுஞ்சாலையின் கீழே பூம்கர் சௌக்கிலோ வாகட் பாலத்தடியிலோ மொத்த ஊரும் ஒரே புழையில் நுழைய வேண்டும். போகவர நாற்பது நாற்பது நிமிடம் கூடுதலாகப் போனால், ஆண்டுக்கு 240 வேலைநாளில் 320 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் நாற்பது நாள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் எண்பது நாள். இதை எந்த சொசைட்டியும் பராமரிப்புக் கட்டணத்தில் போட்டுத் தீர்க்க முடியாது. அரசுதான் தீர்க்க வேண்டும், அரசின் கெடுக்களை நம்பித்தான் புறநகர் விலையே நிர்ணயமாகிறது. ஹிஞ்சவடி–சிவாஜிநகர் மெட்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 23 கிலோமீட்டர், 23 நிலையங்கள், அதில் வாகட் சௌக் ஒன்று. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 மார்ச்சுக்குள் முடிய வேண்டியது, அந்தக் கெடு வந்து போனபோது ரயில் ஓடவில்லை. அடிக்கல் நாட்டிய மறுவாரமே ‘மெட்ரோ அருகில்’ என்று விலை ஏற்றி விற்கப்பட்ட ஃப்ளாட்டை வாங்கியவர், வராத ரயிலுக்கு ஆறு ஆண்டுக்கு மேல் வட்டி கட்டியிருக்கிறார். மெட்ரோ வரும் என்பதில் சந்தேகமில்லை. வருவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கான பணம் யாருடைய பையிலிருந்து போகிறது என்பதைத்தான் விளம்பரம் பேசுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துக்கும் முடிந்த பாலத்துக்கும் விலை கொடுக்கலாம். வரைபடத்தில் மட்டும் இருப்பதற்குக் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இரண்டாவது வகைக் குறையை அரசாலும் தீர்க்க முடியாது. அது நிலத்தின் இயல்பு. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் வடக்கு ஓரத்தில், இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ள சிக்கலியில் 2025 மே 17 அன்று மாநகராட்சி 36 பங்களாக்களை இடித்துத் தள்ளியது. ஆற்றின் நீலக்கோட்டுக்குள், அதாவது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் தொடும் எல்லைக்குள், கட்டப்பட்டவை அவை. 2024-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இடிக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. மனை பிரித்து விற்றவர் காசோடு போனார், வீடு கட்டிக் குடியேறியவர்கள் புல்டோசருக்கு முன்னால் நின்றார்கள். மகாராஷ்டிராவில் ஆற்றங்கரை நகரங்களின் திட்டங்களில் நீலக்கோடும், நூறாண்டு வெள்ளத்துக்கான சிவப்புக்கோடும் குறிக்கப்பட்டிருக்கும். வாகட்டும் முளா ஆற்றின் கரையில் இருக்கும் ஊர்தான். ‘ரிவர் வியூ’ என்று கூடுதல் விலை சொல்லும் இடத்தில் அந்த இரண்டு கோடுகளும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பது பெரும் பிழை. சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, குறைந்த விலை மனைகளின் விலை ஏன் குறைந்திருந்தது என்று ஒரே இரவில் எல்லோருக்கும் தெரிந்தது.

‘பத்திரம் பதிவாகிவிட்டது, வீட்டு வரியும் கட்டுகிறேன், இனி என்ன’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேர்விட்டிருக்கிறது. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் அனுமதியில்லாக் கட்டடங்களுக்குச் சொத்து வரியோடு சேர்த்து ‘சாஸ்தி கர்’ என்று தண்டவரியே பல ஆண்டு விதித்தார்கள். வரி வாங்குவதாலேயே கட்டடம் சட்டப்படியானதாக ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பதிவும் அப்படித்தான். இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதை மட்டும்தான் பதிவு சொல்லும். தமிழ்நாட்டில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகே, பதிவாளர் அலுவலகத்தின் முத்திரைக்கும் மனைப்பிரிவு அனுமதிக்கும் சம்பந்தமில்லை என்பது லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு உறைத்தது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து, பணம் கட்டி நேராக்கிக்கொள்ளும்படி ஆயிற்று. மகாராஷ்டிராவில் இதே பிணி ‘குண்ட்டேவாரி’ என்ற பெயரில் இருக்கிறது. நாற்பது குண்ட்டா ஓர் ஏக்கர். விவசாய நிலத்தை ஒரு குண்ட்டா, இரண்டு குண்ட்டாவாகத் துண்டு போட்டு விற்பார்கள், பிறகு அரசு 2001-ல் கொண்டுவந்தது போன்ற ஒரு முறைப்படுத்தும் சட்டம் வரும்வரை காத்திருப்பார்கள். நம் ஊர்ப் பட்டா, சிட்டாவுக்கு நிகராக அங்கே ‘சாத்–பாரா’ என்னும் 7/12 ஆவணம். விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றியதற்கு என்.ஏ. உத்தரவு. பதிவின் சுருக்கத்துக்கு ‘இன்டெக்ஸ் 2’. மராத்தி படிக்கத் தெரியாத தமிழர், இந்தக் காகிதங்களைப் பில்டர் சிபாரிசு செய்யாத ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கவைக்கும் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்தான் வந்துவிட்டதே, இனியும் இந்தப் பயம் எதற்கு? 2017 மே முதல் மகாராஷ்டிராவில் செயல்படும் மகாரேரா இந்தச் சட்டத்தை ஓரளவு உருப்படியாக நடைமுறைப்படுத்தும் அமைப்பு என்பதை மறுக்கவில்லை. வாங்குவோரிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பரப்பளவை கார்ப்பெட் ஏரியாவில் சொல்ல வேண்டும். கட்டுமானக் குறைக்கு ஐந்தாண்டு பொறுப்பேற்க வேண்டும். இவை எல்லாம் பெரிய முன்னேற்றங்கள். ஆனால் இந்தச் சட்டத்தின் அதிகாரம் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறது. சுவருக்குள் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் பில்டரைக் கேட்கலாம். சுவருக்கு வெளியே 24 மீட்டர் சாலை ஒரு விவசாயியின் வயலோரம் வந்து திடீரென்று நின்றுவிட்டால் அதற்கு மகாரேராவில் மனு இல்லை. டி.பி. ரோடு, அதாவது வளர்ச்சித் திட்டச் சாலை, என்று வரைபடத்தில் தடித்த கோடாக இருக்கும் சாலை, நிலம் கையகப்படும்வரை வெறும் கோடுதான். நிலக்காரருக்குப் பணமாகக் கொடுப்பதா, வேறிடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையாகக் கொடுப்பதா என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். புறநகரில் ஒருவர் வாங்கும் வாழ்க்கையில் பாதிக்கு மேல் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. வாகட்டில் அன்று துணிந்து வாங்கியவர்கள் இன்று பலன் பெற்றிருக்கிறார்கள் அல்லவா? யோசித்துக்கொண்டே நின்றவர்கள்தானே நஷ்டப்பட்டார்கள்? உண்மைதான், வாகட்டைப் பொறுத்தவரை. ஆனால் நாம் வாகட்டைப் பற்றிப் பேசுவதே அது ஜெயித்ததால்தான். ஒரு பெருநகரத்தைச் சுற்றி ‘அடுத்த இடம் இதுதான்’ என்று சொல்லி விற்கப்பட்டு, பாதி விளக்குகள் எரியாமல் கிடக்கும் ஊர்களின் பெயர் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. வாகட் ஏன் ஜெயித்தது என்று பார்த்தால், அதிர்ஷ்டம் பாதி என்றாலும் மறு பாதிக்குக் காரணங்களைச் சுட்ட முடியும். வேலை பக்கத்தில் வந்தது. 2002-ல் முழுமையடைந்த அதிவிரைவுச் சாலை கிவளேயில் முடிந்து, மும்பையைப் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலை நகரமான பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் மாநகராட்சி நல்ல வருமானம் உள்ளது. வேலை, சாலை, வசதியுள்ள உள்ளாட்சி ஆகிய மூன்றும் கூடி வந்த இடம் அது. தாதவடே 2009-ல் அதே மாநகராட்சிக்குள் வந்ததும், மஹாளுங்கேயும் சூஸும் 2021-ல் புனே மாநகராட்சிக்குள் வந்ததும் இந்த வழியில்தான். அதே 2021-ல் 23 கிராமங்களை ஒரே மூச்சில் விழுங்கிய புனே மாநகராட்சியால் எல்லோருக்கும் எப்போது குழாய் போட முடியும் என்பது வேறு கேள்வி. இணைப்பு அறிவிப்பு வந்த நாளில் விலை ஏறிவிடுகிறது, குழாய் வர இன்னும் பத்தாண்டு ஆகலாம். வாகட் 1997-ல் உள்ளே வந்தது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து அதற்குக் கிடைத்தது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள், அதை நான் மதிக்கிறேன். கையிலிருக்கும் பணத்துக்கு வேறெங்கே போவது? ஔந்திலும் பாணேரிலும் வாங்க முடிந்தால் எவர் புனாவளேக்குப் போகப்போகிறார்? நடுத்தரக் குடும்பத்துக்குத் தெரிவு குறுகலானது, அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தெரிவு குறுகலாக இருக்கும்போதுதான் தவறு செய்ய இடமும் குறைகிறது. மாநகராட்சி எல்லையில் முத்திரைத்தாள் தீர்வை மெட்ரோ வரியோடு சேர்த்து 7 சதவீதம். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 30,000 ரூபாய். கட்டி முடியாத ஃப்ளாட் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு இவை மட்டும் ஏறக்குறைய 10 லட்சம். மூன்றாண்டில் இடம் சரிப்படவில்லை என்று விற்றுவிட்டுக் கிளம்பினால் அந்தப் பத்து லட்சம் திரும்பாது. ஆகையால் வாங்க நினைக்கும் தெருவிலேயே முதலில் வாடகைக்குப் போய் உட்காருவது கஞ்சத்தனமல்ல. மகாராஷ்டிராவில் ‘லீவ் அண்ட் லைசன்ஸ்’ ஒப்பந்தம் வழக்கமாகப் பதினொரு மாதம். சரியாகத் தேதி பார்த்தால் அதற்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வந்துவிடும். ஏப்ரலில் எத்தனை லாரி வந்தது, ஜூலையில் எந்த முனையில் முழங்கால் தண்ணீர் நின்றது, பள்ளி வேன் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டியிருந்தது, இவை கண்ணால் கண்ட சாட்சிகள். இந்திய நகரங்களில் வீட்டு மதிப்போடு ஒப்பிட்டால் வாடகை குறைவு. ஆண்டு வாடகை பொதுவாக விலையில் இரண்டு மூன்று சதவீதம்தான், வீட்டுக் கடன் வட்டியோ அதைவிட மிக அதிகம். காத்திருக்கும் ஓராண்டு அப்படியொன்றும் நஷ்டக் கணக்கு அல்ல. அதற்குள் விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். ஏறலாம். தெரியாத இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் கொடுக்கும் காப்பீடாக அந்த ஏற்றத்தை நான் எடுத்துக்கொள்வேன்.

வாடகைக்கு இருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் சுவருக்கு அடுத்த காலி நிலம் நாளை என்ன ஆகும்? பூங்கா என்று விற்பனையாளர் சொல்லுவார். மகாராஷ்டிரா வட்டார, நகரத் திட்டமிடல் சட்டம், 1966-ன் 127-ஆம் பிரிவுப்படி, பொதுப் பயனுக்கென்று ஒதுக்கிய தனியார் நிலத்தைப் பத்தாண்டுக்குள் அரசு எடுக்காவிட்டால் உரிமையாளர் அறிவிப்புக் கொடுக்கலாம், அதன் பிறகும் குறித்த காலத்துக்குள் நடவடிக்கை இல்லையென்றால் ஒதுக்கீடே காலாவதியாகிவிடும். பூங்கா போய்ப் பதினெட்டு மாடிக் கட்டடம் வரும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புனாவளேயில் நடந்தது அதுதான். வாகட்டுக்கு வடமேற்கே விலை கொஞ்சம் குறைவென்று இளம் குடும்பங்கள் போய்ச் சேர்ந்த ஊர் அது. மாநகராட்சியின் குப்பைக் கிடங்குக்கென்று அங்கே நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது, 2000களிலிருந்தே. அந்த ஆண்டுகள் முழுவதும் சுற்றிலும் ஃப்ளாட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. 2023-ல் கிடங்கு வேலை தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான குடியிருப்போர் தெருவுக்கு வந்தார்கள், மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த டிசம்பரில் நாக்பூர் சட்டமன்றக் கூட்டத்தொடரில் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. அவர்கள் வென்றதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் வெல்லாமலும் போயிருக்கலாம், அப்போது அந்த ஃப்ளாட்டுகளின் கதி என்ன? ஒதுக்கீடு ஒளித்துவைக்கப்பட்டதும் அல்ல. வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் நிலத்தின் சர்வே எண்ணோடு இருந்தது. பிம்ப்ரியில் பழைய மும்பை–புனே சாலையோரம் இருக்கும் மாநகராட்சித் தலைமையகத்தின் நகரமைப்புப் பிரிவுக்குப் போய், வாங்கப்போகும் நிலத்தின் சர்வே எண்ணையும் அதைச் சுற்றியுள்ள நான்கு சர்வே எண்களையும் சொல்லிக் கேட்டால் எடுத்துக் காட்டியிருப்பார்கள். அதற்கு ஒரு வேலைநாள் விடுப்புப் போட்டால் போதும்.